அகராதியைப் பார்த்து எழுதிய கைதி

நம் பிள்ளைகளில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆங்கில வழியில் படிக்கிறார்கள். ஆனால் விடுப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. டென்ஸ் எத்தனை என்று கேட்டால் பன்னிரண்டையும் ஒப்பிப்பார்கள், நான்கு வரி சொந்தமாக எழுத வராது. உடனே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கிறோம், முப்பது நாளில் ஆங்கிலம் என்று புத்தகம் வாங்கித் தருகிறோம். மதரஸாவில் ஓதும் மாணவர்களின் கதை வேறு மாதிரி. அரபி இலக்கணத்தின் நுட்பங்களில் நீந்தத் தெரிந்தவர்கள், ஆங்கிலம் என்றதும் அது நமக்கு இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

இந்த இரு தரப்பாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய வாழ்க்கை ஒன்று உண்டு. மால்கம் எக்ஸ் என்று உலகம் அறிந்த அல்ஹாஜ் மாலிக் அல்ஷபாஸ் அவர்களின் வாழ்க்கை. அமெரிக்கக் கறுப்பின மக்களுக்காக முழங்கியவர், ஹஜ்ஜுக்குப் போய் மனம் மாறியவர், சுட்டுக் கொல்லப்பட்டவர் என்ற அளவில் அவரைப் பலரும் அறிவார்கள். வல்லரசே அஞ்சிய அந்தப் பேச்சாளருக்கு ஒரு காலத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுத வரவில்லை. அது வந்த விதத்தைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்லப் போகிறேன்.

1925 மே 19 அன்று அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் மால்கம் லிட்டில். தந்தை ஏர்ல் லிட்டில் கிறிஸ்தவப் போதகர். கறுப்பின மக்கள் தலைநிமிர்ந்து வாழ வேண்டும் என்று இயக்கம் கண்ட மார்கஸ் கார்வியின் ஆதரவாளர். தாய் லூயிஸ், மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான கிரெனடாவைச் சேர்ந்தவர், நன்கு படித்தவர்.

இந்தத் தாயைப் பற்றி மூத்த மகன் வில்ஃப்ரட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த ஒரு செய்தி இருக்கிறது. கிரெனடாவிலிருந்து வரும் செய்தித்தாளை லூயிஸ் பிள்ளைகளிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்வாராம். மேசை மேல் ஓர் அகராதி இருக்கும். ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தால் உடனே அதை அகராதியில் தேடி எடுத்து, சரியான உச்சரிப்பையும் எழுத்துக்கூட்டலையும் படிக்க வேண்டும். வறுமையில் இருந்த வீடு அது. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் பள்ளியில் வெள்ளைப் பிள்ளைகளைவிட நன்றாக வாசித்தார்கள். மால்கமின் அகராதிக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் சிறையில்தான் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால் அது இந்தத் தாயின் மேசையில் தொடங்கியது.

அந்த வீடு நிலைக்கவில்லை. 1931இல், மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரில், தந்தை டிராம் வண்டிச் சக்கரத்தில் அடிபட்டு இறந்தார். வெள்ளை இனவெறியர்கள் அவரை அடித்துத் தண்டவாளத்தில் போட்டார்கள் என்றே குடும்பம் நம்பியது. மால்கமுக்கு அப்போது ஆறு வயது. பிள்ளைகளைத் தனியாக வளர்க்கப் போராடிய தாய் மனம் உடைந்து, 1939இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 24 ஆண்டுகள் கழித்தே அங்கிருந்து வெளியே வந்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு இடமாகப் பிரித்து வைக்கப்பட்டார்கள்.

மால்கம் மேசன் என்ற சிற்றூரின் பள்ளிக்குப் போனார். வகுப்பில் அவர் ஒருவர்தான் கறுப்பினப் பையன் என்றே சொல்லலாம். ஆனாலும் மதிப்பெண்ணில் முன்வரிசை, வகுப்புத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்குப் பிடித்த பாடங்கள் இரண்டு, ஆங்கிலமும் வரலாறும். எட்டாம் வகுப்பில் அவர்மீது அன்பாக இருந்த ஆசிரியர் ஒருவர், எதிர்காலத்தில் என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டார். வழக்கறிஞர் ஆக விரும்புவதாக மால்கம் சொன்னார். ஆசிரியர் சிரித்தபடி, உன் இனத்துக்கு அது ஆகிற காரியமில்லை, உனக்குக் கைவேலை நன்றாக வருகிறது, தச்சு வேலையைப் பார் என்றார். அதே ஆசிரியர் மால்கமைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கிய வெள்ளை மாணவர்களின் ஆசைகளுக்கெல்லாம் ஊக்கம் கொடுத்தவர். தச்சு வேலையில் இழிவு ஒன்றுமில்லை. நபி நூஹ் (அலை) அவர்கள் கப்பல் கட்டியவர்கள். ஆனால் அந்தச் சொல் ஒரு சிறுவனின் கதவை அடைப்பதற்காகச் சொல்லப்பட்டது. சொன்னவர் வேறு யாருமல்லர், அவருடைய ஆங்கில ஆசிரியர்.

அதன் பிறகு மால்கமுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்தது.

1941இல் பாஸ்டன் நகரில் இருந்த தந்தைவழி மூத்த சகோதரி எல்லாவிடம் போய்ச் சேர்ந்தார். காலணிக்குப் பாலிஷ் போட்டார், ரயிலில் சாண்ட்விச் விற்றார். பிறகு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்குப் போய், போதைப் பொருளும் சூதாட்டமும் திருட்டுமாக வாழ்ந்தார். அந்த ஆண்டுகளை நீட்டிச் சொல்ல விரும்பவில்லை. மொழியைப் பொறுத்து ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அந்த உலகத்தில் பேச ஒரு கொச்சை மொழி போதும், எழுத வேண்டிய தேவையே இல்லை. வகுப்பில் முதல் வரிசையில் இருந்தவர் ஐந்தாறு ஆண்டுகளில் வினைச்சொல் எது, பெயர்ச்சொல் எது என்று தெரியாத நிலைக்கு வந்துவிட்டார். அவரே பின்னாளில் அதை ஒப்புக்கொண்டார். சிறைக்குப் போகும்போது அவர் எழுத்தறிவே இல்லாதவர் என்று சிலர் எழுதுகிறார்கள். அது மிகை. நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பயன்படுத்தாமல் துருப்பிடிக்க விட்டவர் அவர். ஹிஃப்ளு முடித்துவிட்டு ஓதாமல் விட்ட பிள்ளையின் நிலையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும்.

1946 ஜனவரியில் திருட்டு வழக்கில் பிடிபட்டார். எட்டு முதல் பத்தாண்டு வரை சிறைத் தண்டனை. இருபத்தொரு வயது நிரம்பவில்லை. முதலில் அடைக்கப்பட்டது சார்ல்ஸ்டவுன் சிறை. 1805இல் கட்டியது, அறைகளில் தண்ணீர்க் குழாய்கூட இல்லை. மதத்தை அவர் திட்டிய திட்டில் சக கைதிகள் அவருக்குச் சாத்தான் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அங்கே பிம்பி என்று அழைக்கப்பட்ட ஒரு மூத்த கைதி இருந்தார். அவரும் திருடர்தான். ஆனால் அவர் பேசத் தொடங்கினால் கைதிகள் மட்டுமல்ல, காவலர்களும் நின்று கேட்பார்கள். கெட்ட வார்த்தை இல்லை, குரலை உயர்த்துவதில்லை. வெறும் சொற்களால் ஒரு மனிதன் மரியாதை பெறுவதை மால்கம் முதன்முதலாகப் பார்த்தது அவரிடத்தில்தான். ஒரு நாள் பிம்பி அவரிடம், உனக்கு மூளை இருக்கிறது, அதைப் பயன்படுத்து, சிறையில் அஞ்சல்வழிப் படிப்பும் நூலகமும் இருக்கின்றனவே என்றார். ஏறக்குறைய அதே நேரத்தில் அக்கா ஹில்டாவிடமிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலமும் கையெழுத்தும் பழகு என்று அவர் எழுதியிருந்தார். மால்கம் ஊர் சுற்றிய காலத்தில் அனுப்பிய அஞ்சலட்டைகளின் எழுத்து அந்த அக்காவுக்குப் புரியவே இல்லையாம்.

மால்கம் அஞ்சல் வழியில் ஆங்கிலப் படிப்பில் சேர்ந்தார். பாடம் வரும், பயிற்சி எழுதி அனுப்ப வேண்டும், திருத்தி வரும். மறந்துபோன இலக்கணம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. ஓராண்டில் பிறர் வாசிக்கத்தக்க ஒரு கடிதம் எழுத முடிந்தது. பிம்பி சில நேரம் ஒரு சொல் எங்கிருந்து பிறந்தது என்று விளக்குவார். அந்த ஆர்வத்தில் லத்தீன் மொழிக்கும் அஞ்சல்வழிப் படிப்பில் சேர்ந்துகொண்டார்.

லத்தீன் எதற்கு என்று யாராவது கேட்கலாம். மதரஸாவில் ஓதியவர்களிடம் இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். காஃப், தா, பா என்ற மூன்று எழுத்துகள் தெரிந்தால் கிதாப், காதிப், மக்தப், மக்தூப் எல்லாம் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள் என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்திலும் அப்படி வேர்கள் உண்டு, அவற்றில் பெரும்பகுதி லத்தீனிலிருந்து வந்தவை. எழுதுதல் என்ற பொருள் தரும் ஒரு லத்தீன் வேரிலிருந்துதான் ஸ்கிரிப்ட், டிஸ்க்ரைப், மேனுஸ்கிரிப்ட், மருத்துவர் எழுதித் தரும் பிரிஸ்கிரிப்ஷன் எல்லாம் வருகின்றன. சொல்லுதல் என்ற வேரிலிருந்து டிக்டேஷன், டிக்‌ஷனரி, காண்ட்ரடிக்‌ஷன். இந்தக் கண் திறந்துவிட்டால் அகராதி வெறும் பட்டியலாகத் தெரியாது. ஸர்ஃபு படித்த மாணவனுக்கு இது புதிதே இல்லை, இந்த வசதி தன்னிடம் இருப்பது அவனுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

1948 மார்ச்சில், சகோதரி எல்லாவின் முயற்சியால், மால்கம் நார்ஃபோக் சிறைக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டார். அது அந்தக் காலத்தில் ஒரு புதுமையான இடம். சுற்றுச்சுவர் உண்டு, அறைகளுக்குக் கம்பி இல்லை. பெரிய பல்கலைக்கழகங்களிலிருந்து ஆசிரியர்கள் வந்து பாடம் எடுத்தார்கள். பார்க்ஹர்ஸ்ட் என்ற செல்வந்தர் கொடுத்துச் சென்ற நூலகம் ஒன்று இருந்தது. வரலாறு, சமயம் தொடர்பான ஆயிரக்கணக்கான நூல்கள், அடுக்க இடமில்லாமல் பெட்டிகளில் கிடந்தவை வேறு.

இந்தக் காலத்தில் அவருடைய சகோதரர்கள் எலிஜா முஹம்மத் என்பவர் தலைமையிலான நேஷன் ஆஃப் இஸ்லாம் இயக்கத்தில் சேர்ந்திருந்தார்கள். பன்றி இறைச்சி சாப்பிடாதே, சிகரெட்டை விட்டுவிடு என்று தம்பி ரெஜினால்டிடமிருந்து கடிதம் வந்தது. மால்கம் இரண்டையும் விட்டார். எலிஜாவுக்குக் கடிதம் எழுதும்படி குடும்பத்தார் சொன்னார்கள்.

இந்த இயக்கத்தைப் பற்றி இங்கே தெளிவாகச் சொல்லிவிடுவது என் கடமை. ஃபார்ட் என்ற மனிதரின் வடிவில் அல்லாஹ் வந்தான் என்றும், எலிஜா அவனுடைய தூதர் என்றும், வெள்ளையர்கள் பிறவியிலேயே ஷைத்தான்கள் என்றும் அது போதித்தது. இது இஸ்லாம் அன்று. தவ்ஹீதுக்கும், நபி (ஸல்) அவர்களே இறுதித் தூதர் என்ற அகீதாவுக்கும் நேர் எதிரானது. இஸ்லாத்தின் பெயரையும் சில சட்டங்களையும் அது வைத்திருந்தது. மதுவையும் திருட்டையும் விபச்சாரத்தையும் விடச் சொன்னது. அதனாலேயே சிறையில் கிடந்தவர்களின் மனத்தைத் தொட்டது. மால்கமின் வாழ்க்கையில் அது இடைவழி. அதை அப்படியே பார்க்க வேண்டும்.

எலிஜாவுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுத மால்கம் உட்கார்ந்தார். வரவில்லை. எழுதினார், கிழித்தார், மறுபடி எழுதினார். குறைந்தது இருபத்தைந்து தடவை எழுதியதாக அவர் கணக்குச் சொன்னார். எழுத்தும் சரியில்லை, எழுத்துக்கூட்டலும் சரியில்லை, சொல்ல நினைத்தது தாளில் இறங்கவில்லை. தெருவில் தன் பேச்சால் எவரையும் மடக்கக்கூடியவர், எளிய ஆங்கிலத்தில் நேராக ஒரு விஷயத்தைச் சொல்லத் தெரியாமல் தவித்தார். கொச்சை மொழியை அப்படியே கடிதத்தில் வைக்கவும் முடியாது. கடைசியில் ஒருவாறு எழுதி அனுப்பினார். தட்டச்சில் பதில் வந்தது, உள்ளே ஐந்து டாலர் நோட்டும் இருந்தது. தெருக்காலத்துப் பழைய கூட்டாளிகளுக்கும் எழுதினார். ஒருவரும் பதில் போடவில்லை. அவர்களுக்கும் தன்னைப் போலவே எழுத வராது என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது.

வாசிப்பிலும் அதே சிக்கல். ஒரு நூலை எடுத்தால் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒன்றிரண்டாவது தெரியாத சொல். தாண்டித் தாண்டிப் போனால் முடிவில் நூல் எதைச் சொன்னது என்றே தெரியாது. நம் பிள்ளைகள் பலர் இந்தக் கட்டத்தில்தான் புத்தகத்தை மூடுகிறார்கள். மால்கம் சிறைப் பள்ளியில் ஓர் அகராதியும் சில நோட்டுகளும் பென்சில்களும் கேட்டு வாங்கினார்.

இரண்டு நாள் சும்மா பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். இத்தனை சொற்கள் இருக்கின்றனவா என்ற மலைப்பு. எதை முதலில் படிப்பது என்று தெரியவில்லை. தெரியாத காரணத்தாலேயே முதல் பக்கத்திலிருந்து பார்த்து எழுதத் தொடங்கினார். அந்தப் பக்கத்தில் அச்சாகியிருந்த அனைத்தையும், காற்புள்ளி அரைப்புள்ளி உட்பட, தம் கோணல் கையெழுத்தில் மெதுவாக எழுதினார். ஒரு நாள் ஆயிற்று. பிறகு எழுதியதைத் தமக்குத் தாமே உரக்க வாசித்தார். திரும்பத் திரும்ப வாசித்தார். மறுநாள் காலை கண் விழித்தபோது அந்தச் சொற்கள் மனத்தில் ஓடின. உலகத்தில் இப்படியெல்லாம் சொற்கள் இருப்பது தெரியாதிருந்த தாம், அவற்றைத் தம் கையால் எழுதிவிட்டோம் என்று ஒரு பெருமிதம். எந்தச் சொற்களின் பொருள் நினைவில் இல்லையோ அவற்றை மறுபடி பார்த்தார். முதல் பக்கத்துச் சொற்களில் ஒன்று ஆர்ட்வார்க். ஆப்பிரிக்காவில் மண்ணைத் தோண்டிக் கறையான் தின்னும் ஒரு விலங்கு. பல ஆண்டுகள் கழித்துத் தம் கதையைச் சொன்னபோதும் அந்த விலங்கின் படம் அவர் மனத்தில் நின்றது.

அடுத்த பக்கத்தையும் எழுதினார். ஒவ்வொரு பக்கத்திலும் சொற்களோடு ஊர்கள், மனிதர்கள், வரலாற்று நிகழ்ச்சிகள் என்று ஏதாவது வந்தன. அகராதி ஒரு சிறு கலைக்களஞ்சியம் என்று கண்டுகொண்டார். முதல் எழுத்துக்குரிய சொற்களுக்கே ஒரு நோட்டு முழுவதும் தீர்ந்தது. பழகப் பழகக் கையின் வேகம் கூடியது, எழுத்தும் சீரானது. இப்படியே போய் அகராதி முழுவதையும் எழுதி முடித்தார். அதையும் கடிதங்களையும் சேர்த்துச் சிறையில் பத்து இலட்சம் சொற்கள் எழுதியிருப்பேன் என்று அவர் மதிப்பிட்டார்.

அகராதியைப் பார்த்து எழுதினால் ஆங்கிலம் வந்துவிடுமா? இன்றைய ஆசிரியர்கள் வராது என்பார்கள். சொல்லை வாக்கியத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும் என்பார்கள். அவர்கள் சொல்வது சரியே. மால்கம் பார்த்து எழுதுவதோடு நின்றிருந்தால் அழகிய கையெழுத்து மட்டும் மிஞ்சியிருக்கும். அவர் பகலில் எழுதிய சொல்லை இரவில் புத்தகத்தில் சந்தித்தார், மறுநாள் கடிதத்தில் பயன்படுத்தினார், வாரந்தோறும் நடந்த விவாத மேடையில் வாயால் சொன்னார். ஒரே சொல் கை, கண், நாக்கு, காது எல்லாவற்றின் வழியாகவும் போனது. மதரஸாவில் ஃபஅல, ஃபஅலா, ஃபஅலூ என்று ஃபஜ்ருக்குப் பின் உரக்கச் சொல்லி, பகலில் கிதாபில் அதே வினையைக் கண்டுபிடித்து, மாலையில் தக்ராரில் சக மாணவனுக்கு விளக்குகிறோமே, அந்த முறைதான். தக்ரார் இல்லாமல் ஓதிய பாடம் நிற்காது என்று உஸ்தாதுமார்கள் சொல்வதை நாம் அரபியோடு நிறுத்திக்கொண்டோம்.

இரவு வாசிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்து மணிக்கு விளக்கணைத்துவிடுவார்கள். அவருடைய அறைக்கு வெளியே நடைவழியில் ஒரு விளக்கு எரியும். அதன் மங்கிய ஒளி உள்ளே விழும் இடத்தில் தரையில் உட்கார்ந்து வாசிப்பார். ஒரு மணிக்கொரு தடவை காவலர் வருவார். காலடி கேட்டதும் படுக்கையில் பாய்ந்து தூங்குவது போல் நடிப்பார், அவர் போனதும் மறுபடி தரைக்கு இறங்கி அடுத்த 58 நிமிடம் வாசிப்பார். விடியற்காலை மூன்று, நான்கு மணி வரை இது நடக்கும். கண் கெட்டு மூக்குக் கண்ணாடி போட வேண்டியதாயிற்று. இன்று நாம் படங்களில் பார்க்கும் அந்தக் கண்ணாடி இப்படி வந்ததுதான். வில் டியூரண்டின் நாகரிக வரலாறு, எச்.ஜி. வெல்ஸின் உலக வரலாறு, டு பாய்ஸின் நூல்கள் என்று வாசித்தார். அடிமை வணிகத்தின் கொடுமைகளை வாசித்துக் கொதித்தார். விவாத மேடையில் பேசத் தொடங்கியபோது, பழைய கைதிகளின் கூச்சலுக்கு நடுவே நின்று பேசுவது தமக்கு ஓர் இன்பமாக இருப்பதைக் கண்டார். ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதியது உண்மையில் யார் என்பதுகூட அங்கே ஒரு விவாதத் தலைப்பு.

மாதங்கள் கழிந்ததே தெரியவில்லை, சிறையில் இருக்கிறோம் என்ற எண்ணமே வரவில்லை என்று அவர் பின்னால் சொன்னார்.

1952 ஆகஸ்டில் விடுதலையானார். அடிமைகளின் எஜமானர் வைத்த பெயர் என்று லிட்டிலை நீக்கி, அறியப்படாத ஆப்பிரிக்கப் பெயரின் அடையாளமாக எக்ஸ் என்று வைத்துக்கொண்டார். 1954இல் ஹார்லெம் கிளையின் பொறுப்பாளரானார். அடுத்த பத்தாண்டு வரலாறு பலரும் அறிந்தது. சில நூறு பேர் இருந்த இயக்கம் அவருடைய நாவால் பல்லாயிரம் பேருடையதாயிற்று. தொலைக்காட்சியில் பேராசிரியர்களும் பத்திரிகையாளர்களும் அவரை மடக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. எந்தக் கல்லூரியில் படித்தீர்கள் என்று கேட்பவர்களுக்குப் புத்தகங்கள் என்று பதில் சொன்னார்.

ஆனால் அந்த ஆற்றல் அவ்வளவும் ஒரு தவறான கொள்கைக்குப் பயன்பட்டது. ஒரு முழு இனமே ஷைத்தான் என்ற பொய்யை அவரைவிடத் திறமையாக எடுத்துச் சொன்னவர் யாருமில்லை. மொழி வளம் ஒருவருக்கு உண்மையைக் காட்டிவிடும் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. எலிஜாவின் ஒழுக்கக் கேடுகள் தெரியவந்து, மனம் வெந்து, 1964 மார்ச்சில் மால்கம் அந்த இயக்கத்தை விட்டு வெளியேறினார்.

ஏப்ரலில் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். செலவுக்குப் பணம் கொடுத்தது அதே எல்லா சகோதரிதான். நியூயார்க்கில் இருந்த எகிப்திய அறிஞர் டாக்டர் மஹ்மூத் ஷவார்பி பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். கெய்ரோவில் இஹ்ராம் அணிந்து ஜித்தா விமான நிலையத்தில் இறங்கியதும் அதிகாரிகள் அமெரிக்கக் கடவுச்சீட்டைப் பார்த்துத் தடுத்து நிறுத்தினார்கள். உண்மையிலேயே முஸ்லிம்தானா என்று விசாரித்துத்தான் அனுப்புவோம் என்று விமான நிலையத்து விடுதியில் தங்க வைத்தார்கள்.

அந்த விடுதியில் நடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் இஸ்லாத்தின் பெயரால் பிரச்சாரம் செய்தவருக்குத் தொழத் தெரியவில்லை. ருகூவும் ஸுஜூதும் எப்படி என்று ஒரு முதவ்விஃப் அவருக்குச் செய்து காட்டினார். சிறு வயதிலிருந்து பழகாத கால்கள், அத்தஹிய்யாத்து இருப்பில் உட்காரக் கணுக்கால் வலித்தது. மற்றவர்கள் அரபியில் ஓதும்போது தமக்கு வாயசைக்க மட்டுமே முடிந்தது என்று அவரே எழுதினார். ஆங்கில அகராதி முழுவதையும் கையால் எழுதியவர், அந்த அறையில் ஒரு சொல்லும் தெரியாதவராக, சிறு பிள்ளையைப் போல் மறுபடி முதல் பக்கத்தில் உட்கார்ந்தார். கூச்சப்படவில்லை. பார்த்தார், செய்தார், திரும்பச் செய்தார்.

டாக்டர் உமர் அஸ்ஸாம் என்பவரின் தொலைபேசி எண் கையிலிருந்தது நினைவுக்கு வந்து அழைத்தார். அவர் உடனே வந்து அழைத்துச் சென்றார். இளவரசர் ஃபைஸலின் விருந்தினராக ஹஜ்ஜை நிறைவேற்றினார். வெள்ளைத் தோலும் கறுப்புத் தோலும் ஒரே தட்டில் உண்டு, ஒரே விரிப்பில் உறங்கி, ஒரே இறைவனைத் தொழுவதைக் கண்டார். மக்காவிலிருந்து மனைவி பெட்டிக்கும், எல்லாவுக்கும், ஹார்லெமில் இருந்த தோழர்களுக்கும் கடிதங்கள் எழுதினார். தாம் இத்தனை காலம் சொல்லிவந்த இனக் கொள்கை தவறு என்று அவற்றில் வெளிப்படையாக எழுதினார். அவற்றைப் படியெடுத்துப் பத்திரிகைகளுக்கும் கொடுக்கச் சொன்னார். ஊரறியப் பேசியதை ஊரறியத் திருத்துவது எத்தனை பேருக்கு வரும்? ஒரு பக்கக் கடிதத்தை இருபத்தைந்து தடவை எழுதியவரின் எழுத்து, தேவையான நேரத்தில் அவருக்குக் கை கொடுத்தது.

அந்தக் காலத்தில் அலெக்ஸ் ஹேலி என்ற எழுத்தாளர் அவருடைய வாழ்க்கை வரலாற்றை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே கையில் அகப்பட்ட காகிதத்தில் கிறுக்குவது மால்கமின் வழக்கம் என்று கண்டு, ஹேலி காபிக் கோப்பைக்குக் கீழே காகிதக் கைக்குட்டைகளை வைத்துவிடுவாராம், அதில் அவர் எழுதுவதையும் குறித்துக்கொள்ள. ஹஜ்ஜிலிருந்து திரும்பிய பின், எலிஜாவைத் தந்தை போல் புகழ்ந்திருந்த பழைய அத்தியாயங்கள் மால்கமின் கையில் சிவப்பு மைத் திருத்தங்களோடு திரும்பி வந்தன. ஹேலி தடுத்தார். அப்போது என்ன நம்பினீர்களோ அது அப்படியே இருக்கட்டும் என்றார். மால்கம் சற்று யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அதனால்தான் அந்த நூலில் அவருடைய தவறான நம்பிக்கைகளும் மறைக்கப்படாமல் இருக்கின்றன. அதை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பெற்றோர் இந்த விவரத்தைச் சொல்லிக் கொடுப்பது நல்லது. தெருவாழ்க்கையைச் சொல்லும் பகுதிகள் சிறு வயதினருக்கு ஏற்றவை அல்ல.

1964 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர் மன்றத்தில் ஒரு விவாதம். மன்றத் தலைவர் எரிக் ஆபிரகாம்ஸ், ஜமைக்காவைச் சேர்ந்த மாணவர். விடுதலையைக் காப்பதில் தீவிரம் குற்றமா என்பது தலைப்பு. எட்டாம் வகுப்போடு நின்றவர் அந்த மேடையில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு எதிராகப் பேசினார். ஆங்கில மொழி பிறந்த மண்ணில், அதன் மிகப் பழைய பல்கலைக்கழகத்தில், ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தை எடுத்துக்காட்டிப் பேச்சை முடித்தார். வாக்கெடுப்பில் அவர் பக்கம் தோற்றது. பேச்சின் ஒளிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. ஆங்கிலம் பழகுகிறவர்கள் அதைக் கேட்கலாம். நீண்ட சொல் எதையும் அவர் தேடிப் போடுவதில்லை. தீவிரம், மிதவாதம் என்ற சொற்களை எடுத்து, இவற்றுக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று கேட்கிறார்.

இறுதி மாதங்களில் அவருக்கு ஒரு குறை இருந்தது. ஒழுங்காகக் கல்லூரியில் படிக்கவில்லையே, நேரம் கிடைத்தால் எங்காவது உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று விரும்பினார். மொழிகளைக் கற்க ஆசைப்பட்டார், அவற்றில் அரபியும் ஒன்று. மக்காவில் வாயசைத்து நின்றது அவருக்கு மறக்கவில்லை.

அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. 1965 பிப்ரவரி 21 ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் ஆடுபன் அரங்கில், கூட்டத்தாருக்கு ஸலாம் சொல்லிப் பேசத் தொடங்கிய சிறிது நேரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 39. சூடானைச் சேர்ந்த ஷைக் அஹ்மத் ஹஸ்ஸூன் முறைப்படி குளிப்பாட்டிக் கஃபனிட்டார். வாழ்க்கை வரலாற்று நூல் அந்த ஆண்டின் பிற்பகுதியில் வெளிவந்தது. நான்கு பெண் பிள்ளைகளோடு கர்ப்பிணியாக இருந்த மனைவி பெட்டி ஷபாஸுக்கு, கணவர் இறந்த பிறகு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. ஆறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே அவர் படித்தார். 1975இல் கல்வியியலில் முனைவர் பட்டம் பெற்று, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உள்ள மெட்கர் எவர்ஸ் கல்லூரியில் பணியாற்றினார்.